இரண்டு இயங்குதளம் உள்ள கணினியில் வைஃபை மெதுவாக இருந்தால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரே கணினியில் விண்டோஸையும் லினக்ஸையும் அருகருகே நிறுவி, தேவைக்கேற்ப மாற்றி மாற்றிப் பயன்படுத்துவோர் கேட்கும் கேள்விகள் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன. கட்டளைகளின் பெயர்கள் தமிழ் எழுத்தில் தரப்பட்டிருந்தாலும் டெர்மினலில் (கட்டளைச் சாளரத்தில்) அவற்றை ஆங்கில எழுத்திலேயே தட்டச்சு செய்ய வேண்டும்.

ஒரே கணினி, ஒரே ரவுட்டர். விண்டோஸில் பாய்கிற வைஃபை லினக்ஸில் மட்டும் ஏன் தவழ்கிறது?

வைஃபை அட்டை, ஆன்டெனா, ரவுட்டர், நீங்கள் உட்கார்ந்திருக்கும் இடம் ஆகியவை இரண்டு இயங்குதளங்களுக்கும் பொது. அட்டையை இயக்கும் டிரைவர், அட்டைக்குள் ஏற்றப்படும் சிறு மென்பொருளான ஃபர்ம்வேர், மின்சேமிப்பு அமைப்பு, அலைவரிசை விதிகளுக்கான நாட்டுக் குறியீடு, தளப் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ் சேவையின் முகவரி ஆகியவை ஒவ்வொரு இயங்குதளத்துக்கும் தனித்தனி. எனவே ஒன்றில் வேகமாகவும் மற்றொன்றில் மெதுவாகவும் இருந்தால் கோளாறு பெரும்பாலும் இந்த இரண்டாம் வகையில்தான் இருக்கும். இரண்டிலும் மெதுவாக இருந்தால் முதல் வகையிலோ இணையச் சேவையிலோ தேட வேண்டும். ஒரே இயங்குதளம் வைத்திருப்பவருக்கு இந்த வசதி கிடையாது. சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள அவர் இன்னொரு கணினியைத் தேடிப் போக வேண்டும், அந்தக் கணினியின் அட்டையும் வேறாகவே இருக்கும். உங்களுக்கோ ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியது அதே வன்தட்டில் இருக்கிறது. ஆகவே எந்த அமைப்பையும் தொடுவதற்கு முன் ஒழுங்காக ஒப்பிட்டுப் பாருங்கள்.

அந்த ஒப்பீட்டை எப்படிச் செய்வது? வேகச் சோதனைத் தளம் ஒன்றே போதாதா?

ஒருமுறை சோதித்துவிட்டு முடிவுக்கு வருவதுதான் இதில் அதிகம் நடக்கும் தவறு. காலையில் விண்டோஸிலும் இரவில் லினக்ஸிலும் அளந்தால், நீங்கள் ஒப்பிடுவது காலையையும் இரவையும்தான். கணினியை நகர்த்தாமல் அதே மேசையில் வைத்து, விண்டோஸ், லினக்ஸ், மறுபடி விண்டோஸ், மறுபடி லினக்ஸ் என மாற்றி மாற்றி, ஒவ்வொரு முறையும் மூன்று தடவை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். உலாவி ஒன்றாகவே இருக்கட்டும். சோதனைத் தளம் தானாகத் தேர்ந்தெடுக்கும் சர்வரும் ஒன்றாகவே இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். சர்வர் மாறினாலே எண்ணும் மாறும்.

இணைய வேகத்தோடு இணைப்பு வேகத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். இணைய வேகம் வெளியுலகம் வரையிலான மொத்தப் பாதையின் வேகம்; இணைப்பு வேகம் கணினிக்கும் ரவுட்டருக்கும் இடையில் மட்டும் உள்ளது. விண்டோஸில் 'நெட்ஷ் டபிள்யூலேன் ஷோ இன்டர்ஃபேசஸ்' என்னும் கட்டளை பெறும் வேகம், அனுப்பும் வேகம், சேனல் (அலைவரிசையின் ஒரு பிரிவு), வைஃபை வகை ஆகியவற்றைக் காட்டும். லினக்ஸில் 'ஐடபிள்யூ டெவ்' என்று தட்டச்சு செய்து அட்டையின் பெயரைத் தெரிந்துகொண்டு, அப்பெயருக்குப் பின் 'லிங்க்' என்று சேர்த்துக் கேட்டால் அலைவரிசை, சிக்னல் அளவு, வேகம் ஆகியவை வரும். சிக்னல் அளவு டிபிஎம் என்ற அலகில் எதிர்மறை எண்ணாக இருக்கும்; பூச்சியத்தை நெருங்க நெருங்க நல்லது. மைனஸ் 50 மிக நன்று, மைனஸ் 67 வரை தாராளமாகப் போதும், இரண்டு இயங்குதளத்திலும் மைனஸ் 80-ஐத் தொட்டுவிட்டால் எந்த டிரைவரை மாற்றியும் பயன் இருக்காது.

இரண்டு இயங்குதளத்திலும் கேபிள் செருகி ஒருமுறை அளந்துவிடுவதும் நல்லது. கேபிளிலும் ஒன்று மட்டும் மெதுவாக இருந்தால் வைஃபையை விட்டுவிடுங்கள். சிக்கல் டிஎன்எஸ், விபிஎன், வைரஸ் தடுப்பு மென்பொருள் போன்றவற்றில் இருக்கிறது.

இணைப்பு வேகம் 866 மெகாபிட் என்கிறது. பதிவிறக்கம் அதில் பாதிகூட இல்லையே?

அது கோளாறு அன்று. வைஃபையில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். மற்றவர் முடிக்கும்வரை காத்திருக்கும் நேரமும், ஒவ்வொரு பொட்டலத்துக்கும் (தரவின் சிறு துண்டுக்கும்) அனுப்பப்படும் ஒப்புகையும் அந்த 866-க்குள்தான் அடங்குகின்றன. பாதியிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு வரை கையில் கிடைத்தால் நிறைவடையலாம். பதிவிறக்க மென்பொருள்கள் பெரும்பாலும் மெகாபைட் கணக்கில் காட்டுகின்றன என்பதையும் மறக்க வேண்டாம். 100 மெகாபிட் என்பது 12.5 மெகாபைட்தான்.

விண்டோஸை அணைத்துவிட்டு லினக்ஸுக்கு வந்தால் வைஃபை மோசமாக இருக்கிறது; சில நாட்களில் அட்டையே தெரிவதில்லை. இது ஏன்?

முதலில் சந்தேகிக்க வேண்டியது விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதியை. விண்டோஸ் 8 தொடங்கி வந்த இந்த வசதி இயங்கும்போது, 'ஷட் டவுன்' அழுத்தினாலும் கணினி முழுமையாக அணைவதில்லை. பயனர் அமர்வு மட்டும் மூடப்பட்டு, கெர்னல் என்னும் இயங்குதளத்தின் மையப் பகுதியும் டிரைவர்களின் நிலையும் வன்தட்டில் அப்படியே எழுதி வைக்கப்படுகின்றன. அடுத்த முறை விண்டோஸே எழுந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம் என்பது ஏற்பாடு. இடையில் லினக்ஸ் எழுந்தால், முறையாக விடுவிக்கப்படாத அட்டையை அது புதிதாகத் தொடங்க முயன்று சில வேளை தோற்கிறது, சில வேளை அரைகுறையாக வெல்கிறது. இன்டெல் அட்டைகளுக்கான லினக்ஸ் டிரைவரின் ஆவணத்திலேயே இந்தச் சிக்கல் இரட்டை இயங்குதளக் கணினிகளுக்கான எச்சரிக்கையாக இடம்பெற்றிருக்கிறது.

இதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. விண்டோஸில் 'ரீஸ்டார்ட்' அழுத்தினால் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் செயல்படாது. முழுமையாக மூடித் திறக்கும். 'ஷட் டவுன்' வழியாக வரும்போது வைஃபை கெட்டும், 'ரீஸ்டார்ட்' வழியாக வரும்போது நன்றாகவும் இருந்தால் குற்றவாளி அகப்பட்டான். கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் பகுதிக்குள், பவர் பொத்தான் என்ன செய்ய வேண்டும் என்று தேர்வு செய்யும் பக்கத்தில் இதன் குறியை எடுத்துவிடலாம். பெரிய விண்டோஸ் புதுப்பிப்புக்குப் பிறகு ஒருமுறை அங்கே எட்டிப் பாருங்கள். எடுத்த குறி மறுபடி வந்து உட்கார்ந்திருக்கக்கூடும். லினக்ஸிலிருந்து விண்டோஸ் உள்ள வன்தட்டுப் பகுதியில் எழுத முடியவில்லை என்ற புகாருக்கும் பெரும்பாலும் இதுவே காரணம் என்பதால், இந்த ஒரு குறியை எடுப்பதால் இரண்டு தொல்லைகள் தீரும்.

தலைகீழாகவும் நடப்பதுண்டு. 'ரீஸ்டார்ட்' செய்து இயங்குதளம் மாறும்போது அட்டைக்கு மின்சாரம் துண்டிக்கப்படாமலே இருப்பதால், ஒரு டிரைவர் விட்டுச் சென்ற நிலையை இன்னொன்று சமாளிக்க முடியாமல் போகும் அட்டைகள் சில இருக்கின்றன. அவற்றுக்கு முழுமையாக அணைத்து, சில நொடி பொறுத்து எழுப்புவதே மருந்து.

சிக்னல் முழுமையாக இருக்கிறது, இணைப்பு வேகமும் நன்று. ஆனால் எதைச் சொடுக்கினாலும் ஒரு நொடி தயங்குகிறது. எதைப் பார்க்க வேண்டும்?

மின்சேமிப்பைப் பாருங்கள். பொட்டலம் எதுவும் வராத இடைவெளிகளில் அட்டையை உறங்க வைப்பது மின்சேமிப்பின் வேலை. அப்போது வரும் பொட்டலங்களை ரவுட்டர் வைத்திருந்து, அட்டை கண் விழிக்கும்போது கொடுக்கும். சில டிரைவர்களுக்கு இந்த உறக்கமும் விழிப்பும் ஒத்துவருவதில்லை. தொடர்ந்து பதிவிறக்கும்போது அட்டை விழித்தே இருப்பதால் வேகச் சோதனையில் குறை எதுவும் தெரியாது. விட்டு விட்டுப் பயன்படுத்தும்போதுதான் இழுக்கும்.

இதை அளக்க இணையம் தேவையில்லை. 'பிங்' என்பது சிறு பொட்டலம் அனுப்பி விடை வர ஆகும் நேரத்தை அளக்கும் கட்டளை; ரவுட்டரின் முகவரிக்கே அதை அனுப்பினால் போதும். என் மடிக்கணினியில் லினக்ஸில் ஒருமுறை அனுப்பியபோது விடை வந்த நேரம் மில்லிநொடிக் கணக்கில் 3, 4, 187, 3, 96, 211 என்று துள்ளியது. இத்தனைக்கும் ரவுட்டர் கையெட்டும் தூரத்தில் இருந்தது. மின்சேமிப்பை நிறுத்தியதும் 2-க்கும் 5-க்கும் நடுவே அடங்கிவிட்டது. விண்டோஸில் முன்பே அப்படித்தான் இருந்தது. அந்த வேறுபாடுதான் தடயம்.

லினக்ஸில் 'ஐடபிள்யூ டெவ்', அட்டையின் பெயர், 'கெட் பவர்_சேவ்' என்ற வரிசையில் கேட்டால் நிலை தெரியும். 'செட் பவர்_சேவ் ஆஃப்' என்று நிர்வாகி உரிமையோடு கொடுத்தால் மின்சேமிப்பு தற்காலிகமாக நிற்கும். பலன் இருந்தால் மட்டும் நிரந்தரமாக்குங்கள். உபுண்டுவில் நெட்வொர்க்மேனேஜரின் 'கான்ஃப்.டி' கோப்புறையில் வைஃபை மின்சேமிப்புக்கென்றே ஒரு சிறு கோப்பு இருக்கும். அதில் 3 என்ற மதிப்பு மின்சேமிப்பை இயக்கும், 2 என்பது நிறுத்தும். பேட்டரி சற்று விரைவாகக் கரையும் என்பது இதற்குக் கொடுக்கும் விலை.

டிரைவர் சரியாக இருக்கிறதா என்று லினக்ஸில் எப்படி அறிவது?

முதலில் அட்டை எது என்று தெரிய வேண்டும். 'எல்எஸ்பிசிஐ' கட்டளையோடு 'கே' என்ற சிறு தெரிவைச் சேர்த்தால் அட்டையின் பெயரும், அதை இப்போது இயக்கும் டிரைவரின் பெயரும் அடுத்தடுத்து வரும். இன்டெல் அட்டைக்கு ஐடபிள்யூஎல்வைஃபை, குவால்காம் ஏதெரோஸுக்கு ஏடிஎச்9கே முதல் ஏடிஎச்12கே வரையிலான வரிசை, மீடியாடெக்குக்கு எம்டி76, ரியல்டெக்கின் புதிய அட்டைகளுக்கு ஆர்டிடபிள்யூ88 அல்லது ஆர்டிடபிள்யூ89 என்று இருக்கும். பிராட்காம் கதை சற்றுச் சிக்கலானது. அதற்குத் திறந்த டிரைவர்களும் உண்டு, 'டபிள்யூஎல்' என்ற மூடிய டிரைவரும் உண்டு. எந்த அட்டைக்கு எது பொருந்தும் என்பது சிப்பின் எண்ணைப் பொறுத்தது. தவறானது ஏறியிருந்தால் வேகம் பாதியாகும், அல்லது 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையே தெரியாது.

டிரைவர் கெர்னலோடு வந்தாலும் ஃபர்ம்வேர் தனிப் பொதியாகத்தான் வருகிறது. 'டிமெசெக்' என்ற கட்டளையின் பதிவில் ஃபர்ம்வேரை ஏற்ற முடியவில்லை என்ற வரி இருக்கிறதா என்று தேடுங்கள். டெபியனில் கட்டற்றதல்லாத ஃபர்ம்வேர் 2023-இல் வந்த 12-ஆம் பதிப்பிலிருந்துதான் அதிகாரபூர்வ நிறுவியிலேயே சேர்க்கப்பட்டது. அதற்கு முந்தைய பதிப்பிலிருந்து புதுப்பித்துக்கொண்டே வந்திருந்தால் அந்தப் பொதி உங்களிடம் இல்லாமல் இருக்கலாம்.

நேற்றுவரை நன்றாக இருந்து இன்று மெதுவானால், தொடக்கத் திரையில் உள்ள மேம்பட்ட தெரிவுகளுக்குள் சென்று முந்தைய கெர்னலில் நுழைந்து பாருங்கள். பழையதில் வேகம் திரும்பினால் காரணத்தை வேறெங்கும் தேட வேண்டியதில்லை. லினக்ஸின் லைவ் யுஎஸ்பி (நிறுவாமலே லினக்ஸை இயக்கும் யுஎஸ்பி) ஒன்றைச் செருகி அதிலிருந்து அளப்பதும் இதே வகைச் சோதனைதான்: அதில் வேகமாக இருந்தால் தடை அட்டையில் இல்லை, உங்கள் நிறுவலில்தான்.

இணைப்பு வேகம் 54-ஐத் தாண்ட மறுக்கிறது. என்ன காரணம்?

54 மெகாபிட் என்பது 802.11ஜி தரத்தின் உச்சம். புதிய அட்டை அந்த எண்ணில் முட்டி நிற்கிறது என்றால் 802.11என் முதலான பிற்காலத் தரங்களை ஏதோ ஒன்று தடுத்துவிட்டது என்று பொருள். ரவுட்டரில் பாதுகாப்பு முறை பழைய டிகேஐபி-யாக இருந்தால் அப்படி ஆகும். அந்தக் குறியாக்கத்தோடு 802.11என் வேகங்களைத் தரநிலை அனுமதிப்பதில்லை. ஏஇஎஸ் முறையுடன் கூடிய டபிள்யூபிஏ2 அல்லது டபிள்யூபிஏ3-க்கு மாற்றினால் போதும். இந்தக் காரணமாக இருந்தால் இரண்டு இயங்குதளத்திலும் 54-தான் வரும்.

லினக்ஸில் மட்டும் 54 வந்தால் பெரும்பாலும் நாமே வினையை வாங்கிக்கொண்டிருப்போம். இன்டெல் டிரைவரில் '11என்_டிசேபிள்' என்று ஓர் அமைப்பு உண்டு. அதற்கு 1 என்று மதிப்புக் கொடுத்தால் 802.11என் வசதியே அணைந்துவிடும். 8 என்று கொடுத்தால் அணையாது, அனுப்பும் பொட்டலங்களைத் திரட்டி அனுப்பும் முறை மட்டும் முடுக்கப்படும். பெயர் ஒன்று, எண் வேறு, விளைவு நேரெதிர். இணைப்பு அடிக்கடி அறுந்தபோது யாரோ சொன்னார்கள் என்று 1 போட்டுவிட்டு, அறுப்பு நின்ற மகிழ்ச்சியில் அதை மறந்து, பல மாதம் கழித்து வேகம் இல்லையே என்று ரவுட்டரை மாற்றப் போனவர்களில் நானும் ஒருவன். 'மோட்ப்ரோப்.டி' கோப்புறையில் நீங்கள் எழுதி வைத்த கோப்புகளை ஒருமுறை படித்துப் பாருங்கள். நீங்களே எழுதிய சில வரிகள் உங்களுக்கே புதிதாக இருக்கும்.

சிக்னல் விண்டோஸில் நன்றாகவும் லினக்ஸில் மிகக் குறைவாகவும் காட்டுகிறது. ஆன்டெனா ஒன்றுதானே?

ஒன்றுதான், ஆனால் எந்த முனையில் ஆன்டெனா இணைக்கப்பட்டிருக்கிறது என்பது டிரைவருக்குத் தெரிய வேண்டும். ரியல்டெக் 8723பிஇ அட்டை பொருத்தப்பட்ட சில மடிக்கணினிகளில் ஒரே ஒரு ஆன்டெனா இரண்டாவது முனையில் இணைக்கப்பட்டிருக்கும். லினக்ஸ் டிரைவர் முதல் முனையைக் கேட்டுக்கொண்டிருக்கும். 'ஆன்ட்_செல்' என்ற அமைப்புக்கு 1 அல்லது 2 கொடுத்துப் பார்த்தால் சிக்னல் ஒரே தாவலில் உயர்வதைக் காணலாம்.

5 கிகாஹெர்ட்ஸ் நெட்வொர்க் ஓர் இயங்குதளத்தில் மட்டும் தெரிகிறது. ஏன்?

எந்த நாட்டில் எந்தச் சேனலை எவ்வளவு வலுவோடு பயன்படுத்தலாம் என்பதற்கு விதிகள் உண்டு. லினக்ஸில் 'ஐடபிள்யூ ரெக் கெட்' என்று கேட்டால் நடப்பிலுள்ள நாட்டுக் குறியீடு வரும். அது 00 என்று இருந்தால், எங்கும் பொருந்தும் கட்டுப்பாடான பொது விதி நடப்பில் உள்ளது என்று பொருள். அப்போது பல 5 கிகாஹெர்ட்ஸ் சேனல்களிலும், 2.4 கிகாஹெர்ட்ஸின் 12, 13-ஆம் சேனல்களிலும் அட்டை தானாகக் குரல் கொடுக்காது, ரவுட்டரின் குரல் கேட்கும்வரை சும்மா இருக்கும். நீங்கள் இருக்கும் நாட்டின் குறியீட்டையே அமையுங்கள், வேறு நாட்டுடையதை அன்று. இன்டெல்லின் பல அட்டைகள் குறியீட்டைத் தாமே முடிவு செய்யும் என்பதால் இந்த மாற்றம் அவற்றில் ஒட்டாது. அங்கே ரவுட்டரின் சேனலை 36, 40, 44, 48 ஆகியவற்றில் ஒன்றுக்கு மாற்றுவது எளிது.

ப்ளூடூத் ஹெட்ஃபோன் போட்டதும் வேகம் விழுகிறது.

ப்ளூடூத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையும் ஒரே வெளியைப் பகிர்கின்றன. பெரும்பாலும் ஒரே அட்டையையும் கூட. இருவரும் முறை வைத்துப் பேசும்படி டிரைவர் ஒழுங்கு செய்கிறது, அந்த ஒழுங்கின் தரம் இயங்குதளத்துக்கு இயங்குதளம் மாறும். வைஃபையை 5 கிகாஹெர்ட்ஸுக்கு நகர்த்துவதே நேர்வழி. யுஎஸ்பி 3.0 வன்தட்டு செருகியதும் வேகம் விழுந்தாலும் இதே மருந்துதான்: அந்தக் கேபிளும் இணைப்பியும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் இரைச்சலை உமிழும் என்பதை இன்டெல் 2012-இல் ஓர் அறிக்கையில் அளந்து காட்டியிருக்கிறது.

பெரிய கோப்பு வேகமாக இறங்குகிறது. பக்கங்கள் திறக்கத்தான் தாமதம்.

இது வைஃபை அன்று, பெரும்பாலும் டிஎன்எஸ். இரண்டு இயங்குதளத்திலும் எந்த டிஎன்எஸ் முகவரி இருக்கிறது என்று ஒப்பிட்டு, வேகமாக இருப்பதில் உள்ளதையே மற்றொன்றிலும் இடுங்கள். ஐபிவி6 (புதிய வகை இணைய முகவரி) பாதை பாதியில் அறுந்திருந்தாலும் இப்படி ஆகும்; உலாவிகள் விரைவாக ஐபிவி4-க்குத் தாவிவிடும், பொதி நிறுவும் கருவிகளோ காத்துக் கிடக்கும்.

எனக்குத் தலைகீழ்: லினக்ஸில் வேகம், விண்டோஸில்தான் மெதுவு.

முதலில் பின்னணியில் என்ன ஓடுகிறது என்று டாஸ்க் மேனேஜரில் பாருங்கள். வாரக்கணக்கில் லினக்ஸிலேயே இருந்துவிட்டு விண்டோஸுக்குள் நுழைந்தால், தேங்கிக் கிடந்த புதுப்பிப்புகள் அனைத்தும் ஒரே நேரத்தில் இறங்கத் தொடங்கும். வேகம் குறைந்ததாகத் தோன்றுவதற்கு இதைவிடச் சாதாரணமான காரணம் கிடையாது. அரை மணி நேரம் விட்டுவிட்டால் தானே தீரும். டெலிவரி ஆப்டிமைசேஷன் என்ற வசதி, இறக்கிய புதுப்பிப்புகளைப் பிற கணினிகளுக்கு அனுப்பவும் செய்யும். அதை நிறுத்தி வைக்கலாம்.

'இணைய வேகத்தைக் கூட்டும்' மென்பொருள் எதையாவது எப்போதாவது ஓட்டியிருந்தால், 'நெட்ஷ் இன்ட் டிசிபி ஷோ குளோபல்' கட்டளையில் ஆட்டோ ட்யூனிங் நிலை 'நார்மல்' என்று இருக்கிறதா என்று பாருங்கள். அது அணைக்கப்பட்டிருந்தால், ஒப்புகை வருவதற்கு முன் ஓர் இணைப்பில் 64 கிலோபைட்டுக்கு மேல் பறக்க முடியாது. போய்வர 50 மில்லிநொடி ஆகும் சர்வரிலிருந்து நொடிக்கு இருபது முறை 64 கிலோபைட், அதாவது ஏறத்தாழ 10 மெகாபிட். 200 மில்லிநொடி ஆகும் சர்வரிலிருந்து இரண்டரை மெகாபிட்தான். உங்கள் இணைப்பு 300 மெகாபிட்டாக இருந்தாலும் இதுதான் கதி. அருகிலுள்ள சர்வர் வேகமாகவும் தொலைவிலுள்ளது மெதுவாகவும் இருப்பது இதன் அடையாளம்.

இவற்றுக்குப் பிறகு, பவர் திட்டத்தில் வயர்லெஸ் அடாப்டரை முழுத் திறனுக்கு வைத்து, விண்டோஸ் தானாகப் போட்ட பொது டிரைவருக்குப் பதிலாக அட்டை தயாரிப்பாளரின் டிரைவரை நிறுவிப் பாருங்கள்.

கணினியின் கடிகாரம் இயங்குதளம் மாறும்போதெல்லாம் தவறுகிறது. அதற்கும் வேகத்துக்கும் தொடர்பு உண்டா?

வேகத்தோடு தொடர்பு இல்லை. விண்டோஸ் உள்ளூர் நேரத்தையும் லினக்ஸ் உலகப் பொது நேரத்தையும் வன்பொருள் கடிகாரத்தில் எழுதுவதால் வரும் குழப்பம் அது. ஆனால் நேரம் வெகுவாகத் தவறினால் பாதுகாப்புச் சான்றிதழ்கள் ஏற்கப்படாமல் பக்கங்கள் திறக்க மறுக்கும். அதை இணையக் கோளாறு என்று எண்ணிவிட வேண்டாம்.

ரவுட்டர் என் இரண்டு இயங்குதளங்களையும் வேறு வேறு கருவிகளாக நடத்துமா?

அட்டை ஒன்று என்பதால் மேக் முகவரியும் (அட்டையின் அடையாள எண்ணும்) ஒன்றே. எனவே ரவுட்டரில் அந்த முகவரிக்கு இட்ட வேக வரம்பும் முன்னுரிமையும் இரண்டுக்கும் பொருந்தும். ஆனால் ஓர் இயங்குதளத்தில் மட்டும் சீரற்ற மேக் முகவரி இயக்கப்பட்டிருந்தால் அது ரவுட்டரின் கண்ணுக்குப் புதிய விருந்தாளி. அப்போது வரம்பு ஒன்றுக்கு மட்டும் பொருந்தும்.

இரண்டிலும் ஒரே அளவு மெதுவாக இருக்கிறது.

அப்படியானால் இயங்குதளத்தை விட்டுவிட்டு ரவுட்டரின் இடத்தையும் சேனலையும் பாருங்கள்; 2.4 கிகாஹெர்ட்ஸில் 1, 6, 11 ஆகிய மூன்றில் நெரிசல் குறைந்த ஒன்றில், 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் வையுங்கள். மடிக்கணினியைப் பழுதுபார்த்த பிறகு தொடங்கிய மெதுவு என்றால், அட்டையில் செருகும் சிறிய ஆன்டெனா வயர் இரண்டில் ஒன்று கழன்றிருக்கலாம்.

எல்லாம் செய்தும் லினக்ஸில் வேகம் கூடவில்லை. வேறு அட்டை வாங்கலாமா?

வாங்கலாம், கெர்னலிலேயே டிரைவர் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். தனியாக டிரைவரைத் தொகுத்து நிறுவ வேண்டிய யுஎஸ்பி டாங்கிள்கள் ஒவ்வொரு கெர்னல் புதுப்பிப்பின்போதும் வேலை வைக்கும். இன்டெல் அட்டைகளில் ஏஎக்ஸ்200, ஏஎக்ஸ்210 ஆகியவை பொதுவான பிசிஐ எக்ஸ்பிரஸ் வகை. ஏஎக்ஸ்201, ஏஎக்ஸ்211 ஆகியவை சிஎன்விஐ வகை, அதை ஆதரிக்கும் இன்டெல் கணினிகளில் மட்டுமே இயங்கும். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல இருப்பதாலும் ஒரே துளையில் பொருந்துவதாலும் மாற்றி வாங்கிவிடுவோர் பலர். சில மடிக்கணினிகளின் பயாஸ் (கணினியை எழுப்பும் அடிப்படை மென்பொருள்), தன் பட்டியலில் இல்லாத அட்டையை ஏற்காது என்பதால், திருகாணியைக் கழற்றுவதற்கு முன் உங்கள் மாடலுக்கு அந்தக் கட்டுப்பாடு உண்டா என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.